ஏழு ரூபாய்க் கதவு

1

பினாங்கில் எங்கள் குவார்ட்டர்ஸ் குளியலறையை இடித்துக் கட்டப் போகிறார்கள். நான் வேலை பார்க்கிற மராமத்து இலாகாவிலிருந்து பூர்த்தி செய்து அனுப்பவேண்டிய பாரம் வந்திருக்கிறது. தரை எத்தனை சதுர அடி, குழாய் எத்தனை, வடிகால் எந்தப் பக்கம், உபயோகிப்போர் எத்தனை பேர் என்று பதினெட்டுக் கேள்விகள். வேடிக்கை என்னவென்றால், இலாகாவில் இந்தப் பாரங்களைப் பார்த்து எஸ்டிமேட் போடுகிற குமாஸ்தாவே நான்தான். எனக்கு நானே பாரம் அனுப்பி, எனக்கு நானே பதில் எழுதி, குறை இருந்தால் எனக்கு நானே திருப்பி அனுப்ப வேண்டும். சர்க்கார் உத்தியோகம் என்றால் அப்படித்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் புறப்படுமுன் அளந்துவிடலாமென்று நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே என் மகள் எல்சி. பதிமூன்று வயது. தமிழில் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நடுவில் மலாய்க்குப் போய் இங்கிலீஷில் கரையேறுகிற ஜாதி. போய் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. தண்ணீர்ச் சத்தம் ஒரு சொட்டு இல்லை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஊரறிந்த விஷயம். கதவை இடிக்கக் கையை ஓங்கிவிட்டேன்.

"இன்னாடி பண்றே உள்ளே?"

"நத்திங், டாடி. சும்மாதான்."

ஓங்கின கை அப்படியே இறங்கிவிட்டது. நான் கத்தாமல் திரும்பி வருவதைப் பார்த்து என் மனைவி ஞானம் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் நம்பவில்லை. 'சும்மா' என்கிற பதிலைக் கேட்டு நான் ஏன் கையை இறக்கினேன் என்பது சித்தூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு, அதிலும் எங்கள் தெருவை அறிந்தவர்களுக்குச் சொன்னால் விளங்கும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

ஐந்து வருடத்துக்கு முன், பதினொரு வருடம் கழித்து, முதல் தடவையாக நீண்ட லீவில் நான் மட்டும் ஊருக்கு வந்தேன். வருமுன் அம்மா மிஷன் கோயில் உபதேசியாரைக் கொண்டு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். மழையில் பின்பக்கத்து மறைப்பு விழுந்துவிட்டது, நீ வரும்போது அதுக்கு ஒரு வழி பண்ணு என்று இரண்டே வரி.

மறைப்பு என்பது எங்கள் வீட்டுப் பின்னால், மிஷன் கிணற்றை ஒட்டிய சந்தில் இருந்தது. மூன்று பக்கம் பனையோலைத் தட்டி, கீழே ஒரு துவைகல், நாலாவது பக்கம் திறப்பு. கூரை கிடையாது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து, சித்தூரில் குடியேறின எங்கள் ஜனங்களுக்கு அதுதான் ஸ்நான அறை. என் தகப்பனார் காலமாகி வெகு நாளாகிவிட்டது. அம்மா மிஷன் போர்டிங்கில் சமையல் செய்து ஓய்ந்து, வீட்டில் தனியாக இருந்தாள்.

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. அடேயப்பா, எத்தனை துரைமாருக்கு எத்தனை குளியலறை எஸ்டிமேட் போட்டிருக்கிறேன், பெற்ற தாய்க்குப் போட மாட்டேனா! கப்பலில் ஏழு நாளும் வாந்தி எடுத்த நேரம் போக மீதி நேரமெல்லாம் அதே வேலை. ஆறடிக்கு ஐந்தடி அறை. செங்கல், சுண்ணாம்பு, கடப்பைக்கல் தரை. எனாமல் தொட்டி ஒன்று. கைப்பம்பு ஒன்று. சுவரில் இடுப்பளவுக்கு வெள்ளை ஓடு. கண்ணாடி ஜன்னல். கதவு. சமையற்கட்டிலிருந்தே நேராக நுழைகிற மாதிரி வழி. கூட்டிப் பார்த்தால் நூற்றுப்பத்து ரூபாய். என் கையில் இருந்ததும் சரியாக அவ்வளவே. மனிதன் தன் வேலையைத் தானே மெச்சிக்கொள்வது பாவம் என்று தெரியும். இருந்தாலும் அந்தக் காகிதத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை எடுத்துப் பார்த்தேன்.

வந்த மறுநாளே அம்மாவை உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. கண்ணும் புகை படிந்த மாதிரி ஆகியிருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் என் குரல் வருகிற பக்கம் காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"எனாமல் தொட்டி ஒன்று."

"தொட்டி இன்னாத்துக்குடா?"

"அதில தண்ணிய ரொப்பி, உள்ள உக்காந்து குளிக்கிறது."

"அய்ய! தன் அழுக்குத் தண்ணியிலயே உக்காந்துக்கினா? எரும மாடு கூட கொஞ்ச நேரத்துல எழுந்துடும். அத எடுத்துடு."

தொட்டி போயிற்று. கைப்பம்பைச் சொன்னேன். "கெணறு பக்கத்துலயே கீது" என்றாள். வெள்ளை ஓட்டைச் சொன்னேன். "வழுக்கி உழுந்தா நீயா வந்து தூக்குவே?" என்றாள். கண்ணாடி ஜன்னலைச் சொன்னதும் எழுந்தே விட்டாள். "ஜன்னலா! குளிக்கிற எடத்துக்கா! பினாங்குல பொம்பளைங்கல்லாம் இப்படித்தான் குளிக்கிறாங்களா?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. ஏழு நாள் வேலையை ஏழு நிமிஷத்தில் அடித்துப் போட்டால் யாருக்குத்தான் வராது? பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தேன். "மரக் கதவு ஒன்று, இரும்பு உள்தாழ்ப்பாளுடன், ஏழு ரூபாய்."

எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள்.

"கதவு மரத்துலயா?" என்றாள்.

"மரந்தான்."

"தாப்பா உள்பக்கமா?"

"உள்பக்கம்."

"இன்னொரு தபா படி."

படித்தேன். வேதவாக்கியம் கேட்பதுபோல் கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டாள். சரி, வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக் கடைசி வரியையும் படித்தேன். எங்கள் இலாகா வழக்கப்படி எந்த எஸ்டிமேட்டும் அந்த வரியில்தான் முடியும். தரையும் வடிகாலும் எவ்வளவு தாங்க வேண்டும் என்று அதைக்கொண்டுதான் கணக்கிடுவோம். "உபயோகிப்போர், ஒருவர்."

"யார்ரா அந்த ஒருத்தர்?"

"நீதாம்மா. வேற யாரு கீறாங்க வீட்டுல?"

"அப்ப மத்தவங்க?"

3

அன்றைக்கு எங்களுக்குள் நடந்த சண்டை தெருவுக்கே கேட்டிருக்கும். சமையற்கட்டு வழி வேண்டாம், கதவு சந்துப் பக்கம் இருக்க வேண்டும் என்றாள் அம்மா. சந்துப் பக்கம் வைத்தால் கண்டவர்களும் நுழைவார்கள், தரை தேயும், வடிகால் அடைக்கும், என் ரூபாயெல்லாம் ஊரார் குளிக்கவா என்று நான் குதித்தேன். பினாங்கு நாக்கு வேறு. கோபத்தில் இரண்டு மலாய் வார்த்தையும் விழுந்துவிட்டது. அம்மா அதற்குச் சிரித்திருப்பாள், வேறு சமயமாக இருந்தால்.

"தாசு," என்றாள். "எனக்குக் கட்டுறியா, உனக்குக் கட்டிக்கிறியா?"

அப்புறம் அவள் சொன்னதுதான் விஷயம்.

எங்கள் தெருவில் கிழக்கு வெளுக்குமுன் பெண்கள் எழுந்து வருவார்கள். ஒருத்தி மறைப்புக்குள் குளிப்பாள். இன்னொருத்தி அந்தத் திறந்த நாலாவது பக்கத்தில், முதுகை உள்ளே காட்டிக்கொண்டு, ஒரு சேலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு காவல் நிற்பாள். ஆறு மணிக்கு மிஷன் மணி அடித்துவிட்டால் சந்தில் ஆண் நடமாட்டம் வந்துவிடும். அதற்குள் குளிக்காதவளுக்கு அன்றைக்குக் குளியல் இல்லை. அந்த நேரத்தில் ஆண்பிள்ளைகள், நண்டு சிண்டுகள் உள்பட, தெருமுனைக்குப் போய்விட வேண்டும் என்பது வழக்கம். நானும் போயிருக்கிறேன். பல் விளக்கிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு, மணி அடித்ததும் திரும்பி வருவோம். எங்கள் வீட்டுப் பின்னாலேயே நடந்தது எனக்குத் தெரியாது. ஏன் போகச் சொல்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டேனா? இல்லை.

மறைப்பு எங்கள் வீட்டை ஒட்டியிருந்ததால் காவல் நின்றது பெரும்பாலும் அம்மாதான். நான் பிறக்குமுன் தொடங்கியது. மாசமாக இருந்தபோதும் நின்றிருக்கிறாள். தகப்பனார் செத்த மூன்றாம் நாளும் நின்றிருக்கிறாள்.

"நீ எப்போ குளிப்பே?" என்று கேட்டேன்.

"எல்லாரும் ஆனப்புறம். மணி அடிக்கறதுக்குள்ள ரெண்டு சொம்பு ஊத்திக்குவேன்."

என் தொழிலில் காவலாளுக்குக் கூலி உண்டு. கட்டடம் நடக்கிற இடத்தில் ராத்திரிக் காவல், பகல் காவல் என்று தனித்தனி வரி எழுதுவோம். பென்சிலை எடுத்தேன். ஒரு நாளைக்கு இத்தனை நாழிகை, இத்தனை வருடம் என்று பெருக்கப் போனேன். இரண்டாவது வரியிலேயே கை நின்றுவிட்டது. இந்த வேலைக்கு என் இலாகாவில் ரேட்டே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவளை நான் முன்பின் பார்த்ததில்லை போல இருந்தது. ரப்பர் எஸ்டேட் மலைகளையும், கப்பலையும், நடுக்கடலையும் பார்த்தபோது வராத பிரமிப்பு, முட்டி தேய்ந்த அந்த அம்மாளைப் பார்த்தபோது எனக்கு வந்தது.

"இப்ப முடியலடா," என்றாள். "கண்ணு தெரியல."

அறுவடைக்கு முன் ஒரு நாள், மறைப்பு விழுவதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டு சுந்தரம்மாளின் மகள் ரூத்து குளித்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வயதுப் பெண். அம்மா சேலையை விரித்துக்கொண்டு நின்றாள். யாரோ பத்தடி தூரத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது. அடுத்த முறைக்கு வந்த பொம்பளை என்று நினைத்துக்கொண்டு, "கொஞ்சம் நில்லும்மா, அது முடிச்சுக்கட்டும்" என்று அன்பாகவே சொன்னாளாம். பதிலுக்கு ஆம்பளைச் சிரிப்பு கேட்டது. எவனோ வண்டிக்காரன். வெளியூர். எவ்வளவு நேரமாக நின்றானோ. சேலை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது அம்மாவுக்குத் தெரியவே இல்லை.

"நானே நிக்கச் சொன்னேன்டா அவன," என்றாள். "என் வாயால சொன்னேன்."

அதற்கப்புறம் ரூத்து மறைப்புப் பக்கமே வரவில்லை. வீட்டுக்குள் அடுப்பு மூலையில் ஒரு சட்டித் தண்ணீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். "அது என் மூஞ்சியப் பாத்து ஆறு மாசம் ஆவுது" என்று சொல்லி அம்மா அழுதாள். என் தகப்பனார் அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

காகிதத்தைத் திருப்பி வைத்து, 'ஒருவர்' என்பதை அடித்துவிட்டு, 'தெரு' என்று எழுதினேன். இலாகாவில் இப்படி எழுதினால் சீட்டுக் கிழிந்துவிடும்.

4

புது எஸ்டிமேட்டை ஒரே மத்தியானத்தில் போட்டேன். தொட்டி, பம்பு, ஓடு, ஜன்னல் எல்லாம் போன பணத்தில் அறை எட்டடிக்கு ஆறடியாயிற்று, கதவும் சந்துப் பக்கம் போயிற்று. சுவர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம். வெளிச்சத்துக்குக் கூரைக்கு அடியில் மட்டும் சாணளவு இடைவெளி. கொத்தனாருக்குத்தான் அலைந்தேன். திருப்பதியில் சத்திரங்களுக்குக் குளியலறை கட்டிப் பழகின முனுசாமி மேஸ்திரி என்று ஒருவர் பெயரைச் சொன்னார்கள். பாகாலா வழியாக ரயிலேறிப் போனேன்.

வேதக்காரனுக்குத் திருப்பதியில் என்ன வேலை என்று நீங்கள் சிரிக்கலாம். நான் பார்க்கப் போனது மேஸ்திரியை, பார்த்தது இன்னொன்று. ஒரு பழைய சத்திரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அங்கேதான் இருந்தார். எந்தெந்த ஊரிலிருந்தோ வரும் பெண்கள் குளிப்பதற்காக வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சின்ன அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. ஒவ்வொரு கதவிலும், தாழ்ப்பாளைப் பிடித்துப் பிடித்து அந்த இடத்து மரம் மட்டும் வழவழவென்று கறுத்திருந்தது. எத்தனை ஆயிரம் கை! பெயர் தெரியாத பொம்பளைகளுக்காக எவனோ ஒரு புண்ணியவான் என்றைக்கோ இதை யோசித்திருக்கிறான். பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. வெயிலில் நின்று அந்தக் கதவுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா தொர, கதவுக்குக் கும்புடு போடறீங்களா?" என்றார் மேஸ்திரி.

ஒன்றை விலைக்குக் கேட்டேன். சத்திரத்துக் காண்டிராக்டர் பத்து ரூபாய் என்றான். மேஸ்திரி தெலுங்கில் அவனோடு ஒரு மூச்சுச் சண்டை போட்டு ஏழுக்கு இறக்கினார். என் எஸ்டிமேட்டில் இருந்த அதே தொகை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கப்பலில் உட்கார்ந்து போட்ட தொகை காலணா பிசகாமல் நின்றுவிட்டது பாருங்கள்!

ரயிலில் சரக்கோடு சரக்காகக் கதவும் வந்தது. அம்மா தடவித் தடவிப் பார்த்தாள். "கோயில் ஊருக் கதவுன்னா பாஸ்டர் ஏதாவது சொல்லுவாரோ?" என்றாள்.

"சாத்தினா சாத்திக்கப் போவுது, தெறந்தா தெறந்துக்கப் போவுது. கதவுக்கு இன்னாம்மா மதம்?" என்றார் மேஸ்திரி. பாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவி அவருக்கு முன்னமே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வேலை பதினாறு நாள் நடந்தது. துவைகல் போக, உள்ளே மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கடப்பைக்கல் பலகையை மேஸ்திரி சுவரில் பதித்திருந்தார். எஸ்டிமேட்டில் இல்லாத அயிட்டம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இது யார் சொல்லி வெச்சீங்க?"

"உக்கார்றதுக்கு சாமி."

"குளிக்க வர்றவங்க எதுக்கு உக்காரணும்?"

"தாப்பா போட்டுக்கினா உக்காரத் தோணும் சாமி. சத்திரத்துல பாத்துக்கீறேன்."

மிச்சக் கல், காசு வேண்டாம் என்றார். சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.

5

என் கப்பலுக்கு நாலு நாள் இருக்கும்போது அறை முடிந்தது. யார் முதலில் குளிப்பது என்று அம்மா யாரையும் கேட்கவில்லை. உள்ளே அண்டாவில் தண்ணீர் ரொப்பச் சொல்லிவிட்டு, காலை எட்டு மணிக்கு, நல்ல வெயிலில், மிஷன் மணி அடித்து இரண்டு மணி நேரம் கழித்து, சுந்தரம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். "ரூத்து, வாம்மா" என்றாள்.

முதலில் யாரும் வரவில்லை. அம்மா அசையாமல் நின்றாள். சுந்தரம்மாள் உள்ளே ஏதோ சொல்வது கேட்டது. கடைசியில் அந்தப் பெண் மாற்றுத்துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தது. தலை குனிந்தபடியே சந்து வழியாக வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. உடனே திறக்கிற சத்தம். மறுபடி போடுகிற சத்தம். மறுபடி திறந்து, மறுபடி போட்டது. மூன்று தடவை.

நான் வீட்டோரம் நின்றிருந்தேன். அம்மா என்ன செய்தாள் தெரியுமா? போய்க் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கிழக்கே பார்த்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கையில் சேலைகூட இல்லை.

"அம்மா, தாழ்ப்பாள் கீதும்மா. வந்து உக்காரு."

"இருடா."

"அந்தக் கதவ யான வந்தாலும் தள்ள முடியாது."

"இருடான்றேன்!"

நேரம் போயிற்று. உள்ளே தண்ணீர்ச் சத்தமே இல்லை. அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பாமலே கேட்டாள்.

"ரூத்து? இன்னாம்மா பண்றே? தண்ணி ஊத்திக்கிற சத்தமே காணோமே?"

உள்ளேயிருந்து மெதுவாகப் பதில் வந்தது. "சும்மா உக்காந்துக்கினு கீறேன் பெரிம்மா."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தப் புகை படிந்த கண் இரண்டும் அகல விரிந்திருந்தன. "சும்மா உக்காந்துக்கினு கீதாம்டா!" என்றாள். ஊருக்குள் அற்புதம் நடந்ததைச் சொல்லுகிற மாதிரி இரண்டாம் தடவையும் சொன்னாள்.

அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து மறுபடியும் குரல் வந்தது. இந்த முறை கதவுக்கு மிகவும் பக்கத்தில்.

"பெரிம்மா, இன்னும் நின்னுக்கினா கீறீங்க? நீங்க போய் உக்காருங்க."

விரித்த கைகளை அம்மா கீழே இறக்கினாள். எங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். உட்கார்ந்தாள். அப்புறம்தான் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. சொம்பு சொம்பாக, அவசரமில்லாமல். அம்மா அதைத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெகு நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"டேய், அந்தக் கதவுக்கு எவ்ளோ போட்டேன்னே உன் காகிதத்துல?"

"ஏழு ரூபா. காலணா பிசகல."

அம்மா தலையை ஆட்டினாள்.

"ரொம்பக் கம்மியா போட்டுட்டேடா," என்றாள்.